பனி விலகினால் வண்டி வரும்

கல்யாணமாகி டில்லிக்கு வந்த புதிதில், "பனியால் ரயில் லேட்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். திருச்சிக்காரிக்கு மார்கழிப் பனி என்றால் என்ன? விடியற்காலை கோலம் போடும்போது தலையில் ஒரு துண்டு, நாலு தும்மல். அவ்வளவுதானே! அதற்குப் போய் அத்தனை பெரிய ரயில் நிற்குமா?

நிற்கும். 2019 டிசம்பர் 30-ம் தேதி ராத்திரி, கைக்குழந்தையும் ஏழு வயதுப் பெண்ணுமாக டில்லி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது நன்றாகவே புரிந்தது. அன்று பகலில்கூட டில்லி சஃப்தர்ஜங்கில் வெப்பம் 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 1901-க்குப் பிறகு டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த பகலே கிடையாதாம். விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. ரயில் மட்டும் என்ன செய்யும், பாவம்!

பெண்ணுக்குப் பள்ளிக்கூட விடுமுறைதான். ஆனால் நான் கிளம்பியது விடுமுறைக்காக அல்ல. அம்மாவுக்கு ஜனவரி 2-ம் தேதி காலையில் கர்ப்பப்பை ஆபரேஷன். மூன்று வருஷமாகக் கட்டி. மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப் போட்டுவிட்டாள். கடைசியில் மாடிப்படி ஏறும்போது மயக்கம் வந்து விழுந்தாள். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியிருந்தது! இரண்டு மாதம் மருந்தும் ஊசியுமாக அதை 10-க்கு ஏற்றி, டாக்டரம்மா தேதி கொடுத்தார். அம்மா ஒரே நிபந்தனை போட்டாள். "நீ வந்து பக்கத்தில நின்னாத்தான் நான் மேஜையில ஏறுவேன். உங்கப்பாவை நம்பி நான் மயக்க மருந்து வாங்கிக்க முடியாது."

(அப்பா நல்லவர்தான். ஆனால் ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குத்தான் முதலில் மயக்கம் வரும்.)

திட்டமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. 30-ம் தேதி ராத்திரி 9 மணிக்கு டில்லியில் ஏறினால், 1-ம் தேதி காலை சென்னை. அங்கிருந்து பகல் வண்டி பிடித்தால் சாயங்காலம் திருச்சி. இவருக்கு லீவு இல்லை. "நீ சமாளிச்சுடுவே" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு, வழியனுப்ப மட்டும் வந்தார்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது 2 மணி நேரம் தாமதம் என்றார்கள். ஸ்டேஷனுக்கு வந்ததும் 4. பிறகு 7. பிறகு 9. மொத்தமாக 12 என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாமே! பெண்கள் காத்திருக்கும் அறையில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான தெலுங்குத் தம்பதி. அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அரக்கோணத்தில் பல வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாக வந்தது. வாசலில் நின்றபடி அவர்தான் விளக்கினார்.

"அம்மா, நீங்க போக வேண்டிய வண்டியைப் பத்தி விசாரிச்சுப் பிரயோசனம் இல்லை. சென்னையில இருந்து வர்ற வண்டி எங்கே நிக்குதுன்னு பாருங்க. அதே பெட்டிங்கதானே கழுவி, தண்ணி ஏத்தி, திரும்பிப் போகணும்? அது ஆக்ராவையே தாண்டலை. இங்கே வந்து சேர்ந்தப்புறமும் நாலஞ்சு மணி நேரம் வேலை இருக்கு."

எத்தனை எளிமையான விஷயம்! இத்தனை வருஷம் டில்லியில் குடியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் ஜனவரியில் ஊருக்குக் கிளம்புவதென்றால், எதிர்த்திசை வண்டியைப் பார்த்த பிறகுதான் புளியோதரைக்குப் புளியே ஊற வைக்கிறேன்.

இவர் ஒருமுறை மெதுவாகச் சொன்னார்: "டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிடலாமா? 3 மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா, ஏறாம இருந்தா முழுப் பணமும் வந்துடும். வண்டி கிளம்பறதுக்குள்ள டி.டி.ஆர். போடணும், அவ்வளவுதான்." அவர் சொன்னதும் நியாயம்தான். குழந்தைக்கு மூக்கு அடைத்திருந்தது. வாயால் மூச்சு விட்டபடி முனகிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். வண்டி தாமதம் என்று சொன்னதும் அவள் குரலில் ஒரு சந்தோஷம் வந்ததே, அதைக் கேட்க வேண்டும்!

"பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஏண்டி அலையறே? நான் டாக்டர்கிட்டே சொல்லிடறேன். பொங்கலுக்கப்புறம் பாத்துக்கலாம்."

பொங்கலுக்கு அப்புறம் தை மாதக் கல்யாணங்கள். அதற்கப்புறம் மாசியில் குலதெய்வத்துக்குப் போக வேண்டும். பங்குனியில் வெயில். எனக்கு அம்மாவைத் தெரியாதா? "டாக்டர்கிட்டே ஒரு வார்த்தை பேசினே, நான் சும்மா இருக்க மாட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் கை நடுங்கியது. குளிரா, பயமா, தெரியவில்லை.

மறுநாள் காலை 9 மணிக்கு வண்டி நகர்ந்தது. இவர் ஜன்னலோடு நாலு எட்டு நடந்தார்; ஐந்தாவது எட்டில் வெள்ளைக்குள் மறைந்துவிட்டார். பெண், "அப்பா எங்கேம்மா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வெள்ளையை எப்படிச் சொல்வது? நம் ஊர்ப் பனி புல் மேல் படுத்திருக்கும். இது எழுந்து நின்று ஜன்னலைத் தட்டுகிறது. ராத்திரியில் மேகமும் காற்றும் இல்லாவிட்டால் தரை சீக்கிரம் குளிர்ந்துபோகிறது. கங்கைச் சமவெளி முழுக்கப் பாசனம். கோதுமையும் கடுகும் நிற்கிற ஈர வயல்கள். அந்த ஈரம் தரையை ஒட்டியே குளிர்ந்து, தூசியையும் புகையையும் பற்றிக்கொண்டு திரண்டுவிடுகிறது. வெயில் ஏறி அதைக் கரைக்க வேண்டும். வெயிலே வராவிட்டால்? 50 மீட்டருக்குள் வரும்வரை எதிரே நிற்பது எருமையா எஞ்சினா என்று தெரியாது.

வண்டி ஊர்ந்தது. நடு நடுவே தண்டவாளத்தில் 'டப், டப்' என்று இரண்டு வெடி. நான் பதறிப்போனேன். தெலுங்கு மாமாவும் எங்கள் பெட்டியிலேயே இருந்தார்; சிரித்துக்கொண்டே சொன்னார். சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னாலேயே ஒரு தொழிலாளி தண்டவாளத்தின் மேல் பட்டாசு மாதிரி வில்லைகளைப் பொருத்தி வைப்பாராம். எஞ்சின் சக்கரம் ஏறினதும் அது வெடிக்கும். சிக்னல் வருகிறது, கவனி என்று டிரைவருக்கு அர்த்தம். அடுத்த சிக்னல் எத்தனை தூரம் என்று சொல்கிற சின்னக் கருவியும் இப்போது எஞ்சினில் வந்துவிட்டதாம். ஆனாலும் மூடுபனியில் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்றார்.

அந்தத் தொழிலாளியை நினைத்துப் பார்த்தேன். ஊரே ரஜாய்க்குள் சுருண்டு கிடக்கிற நேரத்தில், கையில் விளக்கோடு தண்டவாளத்தின் ஓரம் ஒரு மனிதர். அதுவரை 'லேட், லேட்' என்று திட்டிக்கொண்டிருந்த வாயை மூடிக்கொண்டேன்.

எதிர் சீட்டில் லூதியானாவைச் சேர்ந்த ஒரு பீஜி. நாகபுரியில் மகள் வீட்டுக்குப் போகிறார். எங்களுடையது சாதாரண ஸ்லீப்பர் பெட்டி. ஷட்டரை இறக்கினாலும் இடுக்கு வழியாகக் காற்று ஊசியாகக் குத்தும். பீஜி ஒரு பழைய செய்தித்தாளை மடித்து இடுக்குகளில் செருகினார். இன்னொரு தாளை என் பெண்ணின் இரண்டு ஸ்வெட்டர்களுக்கும் நடுவே வைத்தார். நம்ப மாட்டீர்கள், கால் மணியில் அவள் நடுக்கம் நின்றுவிட்டது! தடித்த ஒரே கம்பளியைவிட மெல்லிய துணி மூன்று, நடுவே கொஞ்சம் காற்று. அதுதான் கதகதப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் பீஜியோடு சின்னச் சண்டை. குழந்தையின் மூக்கு அடைப்புக்குக் கடுகெண்ணெயைச் சுட வைத்து மூக்கில் இரண்டு சொட்டு விடலாம் என்றார். உள்ளங்காலில் தேய்த்துக்கொள்ளுங்கள், மூக்கில் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் ஆபத்து என்று எங்கள் குழந்தை டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். என்னிடம் மருந்துக் கடையில் வாங்கிய உப்புநீர்ச் சொட்டு இருந்தது. அதை விட்டு, ஐந்து நிமிஷம் கழித்துத் துடைத்துவிட்டுப் பால் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டுத் தூங்கினான். பீஜி கால் தேய்த்த சுகமும் அதில் சேர்ந்திருக்கலாம். அவர் தன் எண்ணெய்தான் வேலை செய்தது என்றார். நானும் மறுக்கவில்லை.

வெந்நீர்தான் பெரிய பிரச்சினை. இரண்டு பிளாஸ்க் கொண்டுவந்தேன். இரண்டும் பிளாட்பாரத்திலேயே காலி. தயிர் சாதமும் அங்கேயே தீர்ந்துபோயிற்று. பீஜி ஒரு டப்பா நிறைய 'பின்னி' வைத்திருந்தார். கோதுமை மாவை நெய்யில் சிவக்க வறுத்து, வெல்லமும் பாதாமும் சேர்த்துப் பிடித்த உருண்டை. என் பெண் மூன்று சாப்பிட்டாள். குழந்தைக்கு நல்லவேளை அவல் பொடி இருந்தது. வறுத்து அரைத்து வைத்திருந்தால் வெந்நீர் ஊற்றினாலே போதும், அடுப்பு வேண்டாம். அந்த வெந்நீருக்காகச் சமையல் பெட்டிவரை ஆறு பெட்டிகள் நடந்து வந்தார் தெலுங்கு மாமா. என்னைப் போகவிடவில்லை.

பக்கத்துப் பெட்டியில் யாரோ ஒரு சட்டியில் கரி மூட்டிக் குளிர்காயலாமா என்று பேசினார்கள். ரயிலில் நெருப்பு வைக்கலாமா என்று மாமா போய்ச் சத்தம் போட்டார். எனக்கு எங்கள் கீழ்வீட்டு ஞாபகம் வந்தது. அங்கீட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காலையில் பால்காரர் கதவைத் தட்டோ தட்டென்று தட்டியதால் பிழைத்தார்கள்.

ஆக்ராவில் தாஜ் மஹால் இருக்கிற திசைகூடத் தெரியவில்லை. பேடா விற்பவரின் கூடை மட்டும் வெள்ளையிலிருந்து வெளியே வந்து, காசு வாங்கிக்கொண்டு, மறுபடி வெள்ளைக்குள் போயிற்று. தோல்பூர் தாண்டிச் சம்பல் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மணி மூன்றிருக்கும். திடீரென்று யாரோ திரையை இழுத்த மாதிரி வெயில்! கீழே பச்சைத் தண்ணீர், இரண்டு பக்கமும் மழை அரித்த மண் பள்ளத்தாக்குகள். பெட்டி முழுக்க ஒரே சத்தம், ஷட்டர்களைத் தூக்கினார்கள். மேல் பெர்த்தில் முகம் தெரியாமல் சுருண்டிருந்தவர்களெல்லாம் இறங்கி வந்தார்கள். அப்போதுதான் அந்தப் பெட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றே தெரிந்தது.

2020 புது வருஷம் இடார்சிக்கும் நாகபுரிக்கும் நடுவே எங்கோ பிறந்தது. நாகபுரியில் அகால வேளையில் பீஜி இறங்கினார். மகளும் மருமகனும் கம்பளியோடு காத்திருந்தார்கள். இறங்கும்போது என் தலையில் கை வைத்து, உன் அம்மாவுக்காக வேண்டிக்கொள்கிறேன் பேட்டி என்றார். மருமகன் ஓடிப்போய் ஒரு பை ஆரஞ்சு வாங்கிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். விஜயவாடாவில் தெலுங்கு மாமாவும் மாமியும் இறங்கினார்கள். போகும்போது என் பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

சென்னையில் இறங்கும்போது 1-ம் தேதி ராத்திரி 10 மணி. திருச்சிக்குப் பகல் வண்டி போய் எத்தனையோ நேரம் ஆகிவிட்டது. (இரண்டு டிக்கெட்டையும் இணைத்து வாங்கியிருந்தோம். 2019 ஏப்ரலிலிருந்து அப்படிச் செய்தால், முதல் வண்டி தாமதமாகித் தவறவிட்ட இரண்டாவது வண்டிக்குப் பிடித்தம் இல்லாமல் பணம் கிடைக்கும். இவர் அதை வாங்கிவிட்டார்.) ஆட்டோ பிடித்துக் கோயம்பேடு. அப்போது தென் மாவட்டப் பஸ்களெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். கடைசி சீட்டுதான் கிடைத்தது. மடியில் ஒன்று, தோளில் ஒன்று.

விடிந்தபோது பஸ் காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அங்கேயும் பனி! மலைக்கோட்டையைச் சுற்றி மெல்லிசாக, மல் துணியைப் போர்த்திய மாதிரி. இதைப் போய்ப் பனி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே!

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி ஏழே கால். பச்சை அங்கியில் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வளையல்களைக் கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள், அப்பாவிடம் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். குழந்தையின் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இவனுக்கு வேர்த்துக் கொட்டுது, இத்தனை துணியா போடுவே? கழட்டு" என்றாள். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவிலிருந்து ஒரு ஹிந்தி செய்தித்தாள் விழுந்தது. அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் தள்ளுவண்டியில் படுத்தாள்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம். எடுத்த கட்டி ஒரு தேங்காய் அளவு இருந்தது என்றார் டாக்டரம்மா. சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று பரிசோதனை முடிவும் அடுத்த வாரம் வந்தது. மூன்றாம் நாள் அம்மா இட்லிக்கு மிளகாய்ப் பொடி கேட்டாள், கொடுக்கவில்லை. ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்குப் புதுப் பானையை நான்தான் ஏற்றினேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரிக் கடைசியில் டில்லிக்குத் திரும்பினோம். வண்டி 5 மணி நேரம்தான் லேட். பிளாஸ்கில் வெந்நீர் மிச்சமிருந்தது.