சாரல் ஊரில் பேச மறுக்கும் பெட்டி

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் கண் தானாக மேற்கே போகும். மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா, செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டுவிட்டதா என்பதுதான் டீக்கடைப் பேச்சு. காற்று வந்தால் பின்னாலேயே சாரல் வரும். சாரல் பிடித்தால் குற்றாலத்தில் அருவி விழும். ஆகஸ்ட் வரை ஊருக்கே சீசன் கோலம்தான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது குளியல், சுடச்சுட பஜ்ஜி, மங்குஸ்தான் பழம். உள்ளூர்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. தீப்பெட்டி நமத்துப்போகும். பீரோவுக்குள் தோல் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். இந்த வரிசையில் கடைசியாகக் கண்ணில் படுவது, ஹால் மூலையில் தரையோடு உட்கார்ந்திருக்கும் சப்-வூஃபர் பெட்டி. ஒருநாள் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், சத்தம் வராது. அல்லது பாட்டே போடாமல் ‘உம்ம்ம்’ என்று முனகும்.

கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. பிள்ளை முதல் லீவுக்கு வந்தபோது அட்டைப்பெட்டியோடு சுமந்துவந்த செட் என்றால், அதைத் தூக்கிப்போட வீட்டில் யாருக்கும் மனம் வராது. ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய மாடலுக்கு இங்கே உதிரிபாகம் எளிதில் கிடைக்காது. பழைய சாமான் வண்டியில் ஏற்றுவதா, மறுபடி பாடவைப்பதா? பெரும்பாலும் பாடவைக்க முடியும். பல நேரம் கெட்டுப்போவது பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்தான்.

அருவியின் அடிக்குரல்

அந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்பதைக் குற்றாலமே சொல்லிக்கொடுக்கும். பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வந்தாலும் ஒரே பாய்ச்சலாக விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, பொங்கி வழிந்து, பிறகுதான் குளிப்பவர்கள் தலையில் இறங்குகிறது. தண்ணீரின் சத்தத்தில் பெரும்பங்கு, அதற்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் அதிர்வதால் வருவது. சின்னக் குமிழிக்குக் கீச்சுக்குரல், பெரிய குமிழிக்குக் கனத்த குரல். சிற்றருவிப் பக்கம் கேட்பது சலசலப்பு. தண்ணீர் பெருகிய நாளில் பேரருவி முன்னால் நின்றால், சத்தம் காதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரியும்.

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதில் அடிமட்டமான 20 முதல் 150 வரைதான் சப்-வூஃபரின் பங்கு. தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கம், சினிமாவில் இடி, எல்லாம் அந்தப் பங்கில் அடக்கம். இந்தக் குரலை எழுப்பக் காற்றை நிறையத் தள்ள வேண்டும். அதற்கு மின்சக்தி வேண்டும். அதைக் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர். பல ஹோம் தியேட்டர் செட்களில் சின்ன ஸ்பீக்கர்களுக்கான ஆம்ப்ளிஃபயரும் இதே பெட்டிக்குள்தான். அது படுத்தால் மொத்த செட்டும் ஊமை.

எது போயிருக்கிறது?

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரத்தைக் குடிக்கும். சர்க்யூட் போர்டில் படிந்த தூசியோடு ஈரம் சேர்ந்தால், மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போக வழி கிடைத்துவிடும். செம்புப் பாதை பச்சை பூக்கும். பேஸ் சத்தம் வெளியே வரும் வட்டத் துவாரம் வழியாகப் பல்லியும் கரப்பானும் குடியேறும். சாரல் ஓய்ந்து ஐப்பசி, கார்த்திகை வந்தால் இடி மின்னல். இது போதாதென்று, வருடக்கணக்கில் சூடேறிய கெபாசிட்டர்கள் தலை உப்பிப் போகும். ‘உம்ம்ம்’ முனகலுக்குப் பெரும்பாலும் அவைதான் காரணம்.

முதலில் ஸ்பீக்கர் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுத்தால் கூம்பு ‘டுப்’ என்று அசையும். மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கும் 4-க்கும் இடையே காட்டும். இரண்டும் சரி என்றால் ஸ்பீக்கருக்கு ஆயுசு கெட்டி. அடுத்து ஃப்யூஸ், அதற்கடுத்து டிரான்ஸ்ஃபார்மர்.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத எஸ்.எம்.பி.எஸ் வகை செட்டில், பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்த்துவைத்திருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

மாற்றும் வேலை

அதே போர்டு கிடைக்காவிட்டால் வேறு போர்டு போடலாம். பார்க்க வேண்டியவை மூன்று: டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட், ஸ்பீக்கர் எத்தனை ஓம், அது எத்தனை வாட்ஸ் தாங்கும். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் என்றால், டி.சி-யாக மாறிய பிறகு பக்கத்துக்குச் சுமார் 17 வோல்ட் வரும். போர்டு அதைத் தாங்க வேண்டும்.

தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு இதில் ஒரு தனி பாஷையே உண்டு. ‘4440’ என்றால் சின்ன ஆம்ப்ளிஃபயர். இரண்டு சேனலையும் சேர்த்துக் கட்டினால் 19 வாட்ஸ் தரும் ஐ.சி. ‘7294’ என்றால் அதைவிடப் பெரியது. ‘5200-1943’ என்றால் மைக் செட்காரர்கள் நம்பும் டிரான்சிஸ்டர் ஜோடி. இப்போது உள்ளங்கை அளவில் டி-கிளாஸ் போர்டுகள் வந்துவிட்டன. மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பது அவற்றில் மிகக் குறைவு. அட்டையில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் ‘பி.எம்.பி.ஓ’ வாட்ஸை நம்ப வேண்டாம், ‘ஆர்.எம்.எஸ்’ எண்தான் கணக்கு.

அடிக்குரலை மட்டும் பிரித்தனுப்ப ஃபில்டர் போர்டும் அவசியம். அது இல்லாமல் கொடுத்தால் சப்-வூஃபர் பேச்சையும் பாட்டையும் சேர்த்து உளறும். ஐ.சி-யின் முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையில் பழைய போர்டில் மைக்கா தகடு இருந்தால், புதிதிலும் தேவையா என்று பார்க்க வேண்டும். முதல் முறை கரன்ட் கொடுக்கும்போது விவரமான மெக்கானிக் ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுப்பார். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒருமுறை மின்னி மங்கினால் நல்ல சகுனம்.

சாரல் ஊருக்கென்றே ஒரு யோசனை: புது ஆம்ப்ளிஃபயரை மரப்பெட்டிக்குள் வைக்காமல் தனித் தகரப் பெட்டியில் மேசைமேல் வைத்துவிடலாம். பழைய இடத்தில் பிளைவுட் துண்டை வைத்து, காற்றுப் போகாமல் அடைக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் ‘புஸ்’ என்று ஊதும். அடிக்குரல் சத்தற்றுப் போகும். சீசனில் தினம் அரை மணி நேரம் பாடவிட்டால், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

பாண்டியன் பணிந்த கைகள்

பழுது பார்ப்பவர்களுக்குத் தென்காசி கொடுத்த மரியாதை பழையது. காசி விஸ்வநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அங்கே ஒரு பாட்டைக் கல்லில் வெட்டிவைத்தார். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை நேர்ந்தால், வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகறிய அவர்களை இப்போதே பணிகிறேன் என்பது அதன் பொருள். கட்டிய பெருமையைப் பாடச் சொல்லாமல், இன்னும் பிறக்காத பழுது பார்ப்பவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார் ஓர் அரசர்.

அவர் பயந்தபடியே குறையும் நேர்ந்தது. ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் நின்றது. பிறகு ஊர் கூடி 9 நிலைகளோடு, சுமார் 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் நடத்தியது. இன்று அந்த வாசலில் நுழைகிறவர்களை மலைக்காற்று ஒரு தள்ளு தள்ளி விளையாடுகிறது.

வீட்டுப் பெட்டிக்கு அவ்வளவு பெரிய திருப்பணி தேவையில்லை. சர்வீஸ் கடைக்கு முழுப் பெட்டியையும் சாரலில் நனையச் சுமந்து போகவும் வேண்டாம். மெக்கானிக்கிடம் கழற்றி வாங்கிய பழைய போர்டு, ஸ்பீக்கரின் ஓம், டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, இரண்டையும் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டால் போதும். அடுத்த சாரலுக்குள் பெட்டி பேசிவிடும்.