மேப்பிள் மரத்துப் பரண்

பரண் என்னும் சொல் காதில் விழும்போதெல்லாம் நமக்கு நினைவில் எழுவது சிறுமலை அடிவாரத்துக் கடலைக் காடுதான். நான்கு முளைகள், அவற்றின் மேல் ஒரு மூங்கிற் படல், வெயிலுக்கும் பனிக்கும் கீற்றுக் கூரை. இரவு முழுவதும் அதன்மேல் அமர்ந்து தகரத்தைத் தட்டிக் காட்டுப் பன்றிகளை விரட்டுவது நம் தந்தையாரின் வேலை. 1976-ஆம் ஆண்டு, நமக்கு ஒன்பது வயதாயிருக்கையில், பனியில் நனைந்த படல் ஒன்று நழுவ, அவர் கீழே விழுந்தார். பத்தடி உயரந்தான். ஆயினும் இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் இறக்கும்வரை அவர் சாய்ந்து சாய்ந்தே நடந்தார். வளர்ந்து, குருமடம் சென்று, குருவாகி, கடல் கடந்து அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கிற்குப் பணியாற்றச் சென்ற நாம், அங்கே மீண்டும் ஒரு பரணைச் சந்திப்போம் என்று எண்ணியதில்லை.

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒருநாள் பங்குமனைத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் ஒரு மூதாட்டி. அவருடைய கணவருக்கு அப்போது 74 வயது. முழங்கால் ஒன்றுக்கு அறுவை மருத்துவம் நடந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. நகரை ஒட்டிய ஒரு காட்டில் வில்லால் மட்டும் மான் வேட்டையாடும் அனுமதி, குலுக்கலில் அவர் பெயருக்கு விழுந்துவிட்டதாம். முன்பு மூன்று முறை விண்ணப்பித்தும் கிடைக்காதது. "ஃபாதர், அவர் மரத்தில் ஏறப் போகிறார். பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார்" என்றார் அந்த அம்மையார். உண்மையில் அவர் நம் சொல்லையும் கேட்பவரல்லர் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

வாசகர்கள் புருவத்தை உயர்த்துவது நமக்குத் தெரிகிறது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு மானைத் தொட்டாலே சிறைதான். தொலைபேசியில் இதைக் கேட்ட நம் தாயாரும், "ஏஞ்சாமி, மானைக் கொல்றதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக?" என்றுதான் வினவினார். அங்குள்ள நிலைமை வேறு. மிசோரியில் அளவற்ற வேட்டையால் மானினம் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 1925-ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதிலும் சுமார் 400 மான்களே எஞ்சியிருந்ததாகக் கணக்கிட்டார்கள். பின்னர் வேட்டையைத் தடுத்து, வேற்றிடங்களிலிருந்து மான்களைக் கொணர்ந்து விட்டு வளர்த்தார்கள். இன்று அங்கே பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வெண்வால் மான்கள் உள்ளன. அவற்றைத் தின்று குறைக்க ஓநாய்கள் இல்லை. காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் அவை மேய்ந்துவிடுகின்றன. இரவில் வண்டிகளின் முன்னே பாய்கின்றன. ஒரு நோயாளிக்குப் பூசுதல் அளித்துவிட்டுத் திரும்புகையில் நம் காரின் முன்பக்கத்தையும் ஒரு மான் நொறுக்கியதுண்டு. அந்த மானின் கண்ணை நாம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, வீடுகள் நெருங்கிய காடுகளில் துப்பாக்கியைத் தவிர்த்து, எண்ணி எடுத்த சிலருக்கு மட்டும், குறித்த நாள்களில் வில்வேட்டைக்கு இடமளிக்கிறார்கள். இதில் கட்டுப்பாடுகள் மிகுதி. முன்கூட்டிக் காட்டைப் பார்ப்பதற்குக் குறித்த நாள், பரணுக்குப் பெயர்ச்சீட்டு, மரத்தில் ஆணி அறையத் தடை, முடிந்ததும் பரணைக் கழற்றிச் செல்லும் கடமை என்று நீள்கிறது அந்தத் தாள். பெரியவர் தம்முடன் ஆயுதமற்ற ஓர் உதவியாளரை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றிருந்தார். அந்த உதவியாளர் யார் என்பதை மூதாட்டியார் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தார்.

காடு பார்க்கும் நாளில் அவரோடு சென்றோம். வேட்டை என்றால் அம்பெய்வது என்றே நாம் எண்ணியிருந்தோம். எங்கே அமர்வது என்பதில்தான் அதன் பெரும்பகுதி அடங்கியிருப்பதை அன்றுதான் அறிந்தோம். முதலில் குன்றின் முகட்டில் நின்ற வெள்ளை ஓக் மரங்களைக் காட்டினார். அவற்றின் கொட்டையில் துவர்ப்புக் குறைவு. ஆகையால் சிவப்பு ஓக்கின் கொட்டை காலடியில் கிடந்தாலும் மான்கள் அதைத் தாண்டி வெள்ளை ஓக்கைத் தேடி வருமாம். அடுத்து, கீழே ஓடையைக் கடக்கும் துறை. சேற்றில் குளம்புச் சுவடுகள் நெருக்கமாய்ப் பதிந்திருந்தன. "இங்கேயே அமரலாமே" என்றோம். அவர் சிரித்தார். வெயில் ஏறுமுன் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குமாம். நம் வாடையும் அதோடு தேங்கி நிற்குமாம். கதிரவன் சரிவைச் சுட்டபிறகே காற்று மேல்நோக்கி எழும். மானை ஏமாற்ற முடியாதது அதன் கண்ணையன்று, மூக்கைத்தான் என்றார்.

மூன்றாவது இடம் இரண்டு மேடுகளுக்கு இடையே முகடு சற்றுத் தாழ்ந்த ஒரு கணவாய். கீழ்வயலில் இரவு மேய்ந்துவிட்டு விடியலில் மேற்குப் புதர்களுக்குப் படுக்கத் திரும்பும் மான்கள், செங்குத்தில் ஏறாமல் அவ்வழியே குறுக்கே செல்லும். இளமரங்களில் கொம்புரசிய தழும்புகளும், தரையைக் குளம்பால் கீறிய இடங்களும் இருந்தன. பாதைக்குத் தென்கிழக்கே ஒரு மேப்பிள் மரம். குளிர்காற்று வடமேற்கிலிருந்து வீசும் நாளில் மானின் வாடை நம்மிடம் வரும். நம் வாடை மானிடம் செல்லாது. தெற்கிலிருந்து, பாதையைக் கடக்காமலேயே அம்மரத்தை அடையவும் கூடும். பெரியவர் அந்த மேப்பிள் மரத்தைத் தட்டிக்கொடுத்தார். பதினெட்டடி உயரத்தில் பரண் கட்டுவதாக முடிவு செய்துவிட்டார் என்பது அந்தத் தட்டலிலேயே தெரிந்தது.

அங்கேயே, ஓர் அடிமரத்தில் அமர்ந்து, நம் தந்தையாரின் கதையைச் சொன்னோம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "உங்கள் அப்பாவிற்கு வார்க்கச்சை இருந்ததா?" என்றார். இல்லை என்றோம். தமக்கு இருக்கிறது என்று காட்டினார்: தோள், மார்பு, தொடை யாவற்றையும் பிணைக்கும் கச்சை, தரையிலிருந்து பரண்வரை தொங்கும் உயிர்க்கயிறு, ஏறும்போதே கச்சையைக் கயிற்றோடு கோக்கும் முடிச்சு. வில்லைக் கையில் கொண்டு ஏறுவதில்லை; மேலே அமர்ந்தபின் கயிற்றால் தூக்குவது. இவ்வளவும் அவர் ஒழுங்காகச் செய்பவர்தாம். வில்வேட்டைக்காரரை அம்பைவிட விழுதலே மிகுதியாக ஊனப்படுத்துகிறது என்பதையும் அவரே நமக்குச் சொன்னார். முழங்காலைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. நாமும் அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை, கேட்டோம். அவர் முகம் சிவந்தது. நாற்பது ஆண்டுகளாக ஏறுகிறேன் என்று மட்டும் கூறி எழுந்துவிட்டார். ஒரு மனிதரின் கால்களைக் குறித்து அவரிடமே பேசுவது எத்தனை கூச்சத்திற்குரியது என்பதை அன்று உணர்ந்தோம்.

இருப்பினும் மறுவாரம் அவர் இரண்டு இடங்களை ஆயத்தம் செய்தார். மேப்பிள் மரத்தில் பரண். அதற்கு அருகிலேயே, புயலில் சாய்ந்த ஒரு பெருமரத்தின் வேர்ச்சுவருக்குப் பின்னே, இருவர் அமரத் தழை மறைவு. இரண்டாவதைப் பற்றி அவர் வாய்திறக்கவில்லை, உதவியாளருக்காக என்றார்.

அக்டோபர் முழுவதும் பயிற்சி. அவருடைய வில் கப்பிகள் பொருத்தியது. இதே மிசோரியைச் சேர்ந்த ஹோலிஸ் ஆலன் என்பவர் புனைந்து 1969-இல் காப்புரிமை பெற்ற வகை. முழுதும் இழுத்தபின் கப்பி பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். அறுபது இராத்தல் இழுவையை நாற்பத்தைந்தாகக் குறைத்துக்கொண்டார். 2016 முதல் வில்வேட்டைப் பருவத்தில் குறுக்குவில்லையும் அனுமதித்திருக்கிறார்களே, அதை வாங்கித் தருகிறோம் என்று பிள்ளைகள் கூறியதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொல்லையில் நுரையால் செய்த மான்பொம்மை. கூரைமேட்டிலிருந்து சில அம்புகள், தாழ்ந்த முக்காலியிலிருந்து சில. இருபது கஜத்திற்கு மேல் எய்வதில்லை என்பது அவர் தமக்கே விதித்த எல்லை. நாணொலி கேட்டதுமே மான் குனிந்து பாயத் தொடங்கும். தொலைவு கூடினால் அம்பு நுரையீரலைத் தவறவிட்டு வயிற்றைக் கிழிக்கும். அப்படி அடிபட்ட மான் ஓர் இரவு முழுவதும் சாகும். "அதை ஒருமுறை செய்திருக்கிறேன், ஃபாதர்" என்றார். மேலும் விவரிக்கவில்லை.

வேட்டை மூன்று நாள்கள்: வெள்ளி, சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை விடிய இரண்டு மணி நேரம் இருக்கையில் காட்டின் எல்லையில் நின்றோம். அம்மையார் மணமற்ற சவர்க்காரத்தில் துவைத்த உடைகள் நமக்கும் அளவாக இருந்தன. ஆனால் முந்தின மாலை நற்கருணை ஆசீரின் சாம்பிராணி மணம் நம் தலைமுடியை விட்டு அகலவில்லை. பெரியவர் முகர்ந்து பார்த்து, இருட்டிலேயே சிரித்தார்.

மேப்பிள் மரத்தடியில் அவர் நின்றார். கச்சையை அணிந்தார். கயிற்றில் கோத்தார். ஏணியில் கால் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று படிகள். அங்கே நின்றுவிட்டார். இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ஏணி மெல்ல நடுங்குவது நம் கைக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமோ! நாம் ஒன்றும் பேசவில்லை. பேசக்கூடாது என்பதுமட்டும் அப்போது நமக்குத் தெரிந்தது. அவர் ஒவ்வொரு படியாக இறங்கி, கச்சையைக் கழற்றி, மடித்து, பையில் வைத்தார். பிறகு வேர்ச்சுவரை நோக்கி நடந்தார்.

கிழக்கு வெளுக்கையில் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெண்பஞ்சை எடுத்துக் காற்றில் விட்டார். நம் ஊர் எருக்கம்பஞ்சைப் போன்றதே. எருக்கோடு உறவுடைய ஒரு செடியினது. அது மிதந்து, நம் தலைமேல் ஏறி, நேரே மான்பாதையை நோக்கிச் சென்றது. தென்காற்று. அது பாதையைக் கடக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, "இன்று இந்த இடம் நம்முடையதன்று" என்று எழுந்தார். அத்தனை ஆயத்தத்திற்கும் பிறகு ஒரு பஞ்சுத்துணுக்கின் சொல்லுக்குப் பணிந்து வீடு திரும்பிய அந்தப் பொறுமை நமக்கு வியப்பளித்தது.

அன்றிரவு மழையோடு காற்று திரும்பியது. சனிக்கிழமை விடியலில் கடுங்குளிர். பஞ்சு நமக்குப் பின்னே, தென்கிழக்கே பறந்தது. ஏழரை மணிக்குச் சற்றுப் பின் இலைச்சருகின் ஓசை. முதலில் வந்தது கிளைத்த கொம்புடைய ஓர் ஆண்மான். பத்துக் கஜத்தில் நம்மைப் பாராமலே கடந்தது. இவ்வேட்டையில் முதலில் பெண்மானை எடுத்த பிறகே கொம்புடையதை எடுக்கலாம். பெண்மான் குறைந்தாலன்றித் தொகை குறையாது என்பதற்காக வகுத்த விதி. பெரியவர் விரலைக்கூட அசைக்கவில்லை. கால் மணி கழித்துத் தனியாக ஒரு பெண்மான். மார்பை நம் பக்கம் திருப்பி நின்றபோது அவர் எய்யவில்லை. அது ஒரு மரத்தின் பின்னே தலையை மறைத்த கணத்தில் நாணை இழுத்தார். வெளிவந்து, பக்கவாட்டில், பதினாறு கஜத்தில் அது நின்றது. அம்பு சென்றதை நாம் பார்க்கவில்லை. மான் துள்ளிச் சரிவில் மறைந்ததைமட்டும் பார்த்தோம்.

உடனே எழ முயன்ற நம்மை அவர் கையால் தடுத்தார். அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். துரத்தினால் அது மேலும் ஓடும். அந்த அரைமணியில் அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பின் சருகுகளில் இரத்தத் துளிகளைத் தொடர்ந்தோம். எழுபது அடிகள்கூட இல்லை. அவர் முழங்காலிட்டு, அதன் விலாவில் உள்ளங்கையை வைத்து, சற்று நேரம் அப்படியே இருந்தார். நாமும் தலையிலிருந்த குல்லாயை எடுத்தோம். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அதைச் சாலைவரை இழுத்தது நம் பங்கு. இரவு 10 மணிக்குள் அரசுத்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய விதிப்படி, பெரியவர் வண்டியில் ஏறுமுன்பே தெரிவித்துவிட்டார். மான்களின் மூளையை அழிக்கும் நோய் ஒன்று மிசோரியின் காட்டு மான்களில் 2012-இல் கண்டறியப்பட்டதிலிருந்து, கழுத்தின் நிணநீர் முடிச்சைச் சோதனைக்கு எடுக்கிறார்கள்; அதற்கும் கொடுத்தார். இறைச்சியில் பாதி தம் வீட்டிற்கு. மீதி, 1992-இல் மிசோரி வில்லாளர் சிலர் தொடங்கிய திட்டத்தின் வழியே வறியோர் உணவுக் கூடத்திற்கு. நகத்திடுக்கில் சேற்றோடு அன்று மாலைத் திருப்பலிக்கு நின்றோம். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஞாயிறு பிற்பகல், திருப்பலிகள் முடிந்தபின், பரணைக் கழற்றச் சென்றோம். பெரியவர் மரத்தடியில் நின்று கச்சையை நம்மிடம் நீட்டினார். தொடை வார்களைத் தாமே இழுத்து இறுக்கினார். நாம் ஏறினோம். பதினெட்டடி மேலிருந்து கணவாய் முழுவதும் தெரிந்தது: பாதை, ஓடை, அப்பால் வயல், தொலைவில் நம் ஆலயத்தின் கோபுரமும்கூட. அவர் இத்தனை ஆண்டுகள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது புரிந்தது.

"என்ன தெரிகிறது, ஃபாதர்?" என்று கீழிருந்து வினவினார்.

ஒவ்வொன்றாகச் சொன்னோம். வெள்ளை ஓக்கின் அடியில் இரண்டு மான்கள் மேய்வதையும் சொன்னோம். அவர் தலையை அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, வாரை அவிழுங்கள். இறங்கும்போது இரண்டு கால், ஒரு கை. அல்லது இரண்டு கை, ஒரு கால். எப்போதும் மூன்று பிடி."

நாம் இறங்கி முடிக்கும்வரை அவர் ஏணியை விட்டுக் கையை எடுக்கவில்லை.