சுண்ணாம்புக்குளம் முதல் சிங்கப்பூர் வரை... குடும்பத்தோடு கடல் டூர் போக எந்தக் கப்பல் சரி?

சுண்ணாம்புக்குளத்துக் கரையில் நின்றால், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தண்ணீர்தான். ஆனால் ஆழம்? பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான். பல இடங்களில் கழியை ஊன்றித்தான் படகைத் தள்ளுகிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இறால் பிடிப்பவர்களும் உண்டு. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அதையும் தாண்டினால்தான் வங்கக் கடல்.

அந்தக் கடலில் சும்மா சுற்றிப் பார்க்கவே கப்பல் ஏறும் காலம் வந்துவிட்டது. 2022 ஜூன் 4-ம் தேதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்.வி. எம்பிரஸ்' சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு அதே கப்பல் இலங்கைக்கும் போனது. அதிலிருந்து 'கப்பல்ல ஒரு ட்ரிப் போகலாமா?' என்ற பேச்சு நடுத்தரக் குடும்பங்களிலும் கிளம்பிவிட்டது. கூடவே 'சென்னைக் கப்பலா, சிங்கப்பூர் கப்பலா?' என்ற குழப்பமும்.

எம்பிரஸ் புதுக் கப்பல் இல்லை. 1990-ல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. நீளம் 211 மீட்டர். மொத்தக் கொள்ளளவு 48,563 டன். டைட்டானிக்கின் கணக்கு 46,328 டன் என்பதால், நீளத்தில் குறைவு என்றாலும் கொள்ளளவில் நம்ம கப்பல் ஒரு படி மேல்! (இந்த 'டன்' எடை இல்லை. கப்பலுக்குள் இருக்கும் மொத்த இடத்தின் அளவு.)

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 'கென்டிங் ட்ரீம்' 1,50,695 டன். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன், 20 அடுக்கு, 365 மீட்டர் நீளம்.

அப்படியென்றால் பெரிய கப்பல்தான் வசதியா? இங்கேதான் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ஓர் அறைக்கு இருவர் என்று வைத்து, டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எம்பிரஸில் சுமார் 1,600 பேர், தலைக்கு 30. கென்டிங் ட்ரீமில் 3,352 பேர், தலைக்கு 45. ஐகானில் 5,610 பேர், தலைக்கு 44. கிட்டத்தட்ட 1 லட்சம் டன் கூடுதலாக இருந்தும், நெரிசலில் ஐகானும் கென்டிங் ட்ரீமும் ஒன்றுதான். பள்ளி விடுமுறையில் ஒரே அறையில் மூன்று, நான்கு பேர் தங்கினால் ஐகானில் 7,600 பயணிகள்வரை ஏறலாம். அப்போது கணக்கு 33-க்கு இறங்கிவிடும். பஃபே வரிசையில் தட்டோடு நிற்கும்போது இதன் அர்த்தம் புரியும்.

இன்னொன்று, ஜன்னல். விலை குறைந்த அறைகள் பெரும்பாலும் கப்பலின் உட்பக்கம் இருக்கும். கடலில் மூன்று நாள் இருந்தும், கதவைச் சாத்தினால் லாட்ஜ் ரூம்தான். எம்பிரஸ் பழைய வடிவமைப்பு என்பதால் பால்கனி அறைகள் ரொம்பக் குறைவு. புதுக் கப்பல்களில் பால்கனி நிறைய உண்டு, ஆனால் காசு கூட. வயதானவர்களுக்கும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் கப்பலின் நடுப்பகுதியில் கீழ் அடுக்கு அறை நல்லது. ஆட்டம் குறைவாகத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலின் புயல் சீசன் என்பது நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

சாப்பாட்டில் எம்பிரஸுக்கே மார்க். சைவச் சாப்பாடு தேடி அலைய வேண்டாம். சிங்கப்பூர் கப்பலுக்கு விமான டிக்கெட், விசா செலவு தனி. மலேசியா, தாய்லாந்து போய் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும் என்பதால், இரண்டாம் முறை நுழையவும் விசா செல்லுமா என்று பார்ப்பது அவசியம். துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வைஃபை எல்லாம் விளம்பர விலையில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மக்களுக்கு அது மறக்கக்கூடியது இல்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குடும்பத்தோடு விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள்.

அடுத்த 19-வது நாள், 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலிக் கடற்கரையில் 'கோஸ்டா கான்கோர்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. அது 1,14,000 டன்னுக்கு மேற்பட்ட சொகுசுக் கப்பல், உள்ளே 4,200 பேருக்கு மேல். 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பல நூறு பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. 2015 ஜனவரி முதல் அது மாறியது. இப்போது கப்பல் கிளம்பும் முன்பாகவோ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

பலர் அந்த நேரத்தில் மேல் தளத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எந்தக் கப்பலில் ஏறினாலும் பயிற்சிக்குப் போய்விடுங்கள். உங்கள் அறைக்கான கூடுமிடம் எது, எந்தப் படிக்கட்டு வழியாகப் போக வேண்டும் என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அறைக்குத் திரும்பியதும் அலமாரியைத் திறந்து லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணுங்கள். குழந்தைக்கான சின்ன அளவு அதில் இல்லையென்றால், கப்பல் கரையை விட்டு நகரும் முன்பே ஊழியரிடம் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.