தூங்கினாலும் வருமானம்

பாகான் நக்கோடா ஓமார் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர் அம்மா. வேலைக்குப் போகாத நாளில் சம்பளம் இல்லை. அதனால்தானோ என்னவோ, 'தூங்கினாலும் இணையத்தில் வருமானம்' என்றதும் மயங்கினேன். கட்டணம் கட்டி ஒரு வகுப்புக்கும் போனேன். அதில் சம்பாதித்தவர் ஆசிரியர் மட்டுமே!

பகலில் அலுவலகம், இரவில் எஸ்.பி.எம். தமிழ் இலக்கணப் பாடங்களை யூடியூபில் ஏற்றினேன். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பிறகும் 100 அமெரிக்க டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும்.

வந்தது, 400 வெள்ளிக்குச் சற்றுக் கூடுதலாக.

"எத்தன நாள் வேலைடா இது?"

"ரெண்டு வருசம்மா."

"தோட்டத்துலகூட இவ்ளோ கம்மியா கொடுக்கல."

இப்போது தேர்வுக் காலத்தில் மட்டும் பார்வை ஏறுகிறது. அம்மாவே தொலைபேசியில் கேட்பார்: "பழம் உதிருதா?"