சும்மா இருப்பது சுலபமில்லை

கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் பிராசசர் பல கோடி கட்டளைகளை முடித்துவிடும். ஆனால் அவ்வளவு வேலை அதற்கு யார் தருகிறார்கள்? பெரும்பாலான நேரம் அது சும்மாதான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், சும்மா இருந்தாலும் அது மின்சாரம் குடிக்கும். லேப்டாப் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதில் இந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பிராசசருக்குத் தூக்கத்தில் பல நிலைகள். சி0 என்றால் முழு விழிப்பு. சி1 என்றால் உட்கார்ந்தபடியே கண்ணயர்வது. ஓரிரு மைக்ரோ நொடிகளில் எழுந்துவிடும். சி6 போன்ற நிலைகளில், கையிலிருப்பதை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஏறக்குறைய மின்சாரமே இல்லாமல் தூங்கும். ஆனால் எழுந்துவர அதிக நேரமாகும்.

"அப்படியானால் எப்போதும் ஆழமாகத் தூங்க வைத்தால் என்ன?" என்று தோன்றும். இங்கேதான் வியாபாரக் கணக்கு வருகிறது. மதியம் கூட்டம் குறைந்ததும் கடைக்காரர் விளக்கை அணைத்து ஷட்டரை இறக்குகிறார். ஐந்தாவது நிமிடமே வாடிக்கையாளர் வந்தால் மிச்சமும் இல்லை, வியாபாரமும் தாமதம். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவும் திரும்பவும் மின்சாரம் செலவாகும். குறைந்தபட்ச நேரமாவது தூங்காவிட்டால் முதலுக்கே மோசம். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு எண்களைக் கெர்னல் வைத்திருக்கிறது: எழ எவ்வளவு நேரமாகும், எவ்வளவு நேரம் தூங்கினால் கட்டுப்படியாகும்.

முன்பு லினக்ஸில் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒரு டிக் அடிக்கும். வேலை இல்லாவிட்டாலும் பிராசசரை எழுப்பிவிடும். 2007-ல் வந்த 2.6.21 பதிப்பில், சும்மா இருக்கும்போது அந்த டிக்கை நிறுத்த வழி வந்தது. அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட பவர்டாப், பிராசசரை அடிக்கடி எழுப்பும் புரோகிராம்களைக் காட்டிக் கொடுத்தது. 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்புடன் வந்தது சிபியுஐடில். எந்த நிலையில் தூங்குவது என்று முடிவெடுக்கும் பகுதிக்கு அதில் கவர்னர் என்று பெயர். 'மெனு' என்ற கவர்னர், அடுத்த டைமர் எப்போது என்று பார்க்கும். ஆனால் கீபோர்டும் நெட்வொர்க்கும் சொல்லிவிட்டா வருகின்றன? அதனால் பழைய அனுபவத்தை வைத்து அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

கணிப்பு என்றால் தப்பவும் செய்யும். "சீக்கிரம் எழுந்துவிடும்" என்று நினைத்து கவர்னர் சி1-ஐத் தேர்ந்தெடுத்திருக்கும். டிக்கையோ அதற்கு முன்பே நிறுத்தியாகிவிட்டது. எழுப்ப ஆளில்லாமல் பிராசசர் அரைத்தூக்கத்திலேயே நெடுநேரம் கிடந்து மின்சாரத்தை வீணாக்கும். 2018-ல் 4.17 பதிப்பில் வரிசையை மாற்றினார்கள். முதலில் கவர்னரைக் கேள். நீண்ட தூக்கம் என்றால் மட்டும் டிக்கை நிறுத்து. குட்டித் தூக்கம் என்றால் டிக் இருக்கட்டும். கணிப்பு தப்பினால் அது எழுப்பும், அப்போது மறுபடி யோசிக்கலாம். தொல்லை என்று துரத்தப்பட்ட டிக், இப்போது காவலுக்கு நிற்கிறது!

"சும்மாதானே இருக்கே?" என்று வீட்டில் யாராவது கேட்டால், சரியாகச் சும்மா இருக்க வைப்பதற்கே இத்தனை பேர் இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட கதையைச் சொல்லிப் பார்க்கலாம். திட்டு விழுந்தால் கெர்னல் பொறுப்பல்ல :-)