பதினைந்தாம் தேதி

போன வாரம் கடற்கரையில் காலை நடையின்போது நண்பர் ஒருவர் தன் மகனைக் கூட்டிவந்தார். பையன் சொந்தமாக உணவகம் தொடங்கப் போகிறான். "இருபது பேர் சார். ஆளுக்கு 12,000 ரூபாய். மாதம் 2,40,000 சம்பளத்துக்கு ஆகும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனைப் பார்த்து அல்ல. ஒரு காலத்தில் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

அலுவலகத்தில் நான் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன் குமாஸ்தா. 31 வருடம் மற்றவர்களுக்குச் சம்பள பில் எழுதியவன். பிடித்தங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பில்லை அனுப்பினால் கருவூலத்திலிருந்து பணம் வரும். அத்தோடு என் வேலை முடிந்தது.

2021-ல் என் தம்பி காலமானான். புதுச்சேரியில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருந்தான். 22 பேர் வேலை பார்த்தார்கள். தம்பி மனைவி, "மாமா, மாவும் அடுப்பும் நான் பார்த்துக்குவேன். கணக்கு மட்டும் நீங்க பாருங்க" என்றாள். சம்பள பில் எழுதியவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் அடுப்பு மாஸ்டர் வந்து நின்றார். 17 வருட ஆள். "பெரியய்யா, பொண்ணு கல்யாணத்துக்கு பி.எஃப்.ல கொஞ்சம் எடுக்கலாம்னு போன்ல பார்த்தேன். மூணு மாசமா வரவு ஏறலை. கம்ப்யூட்டர்ல ஏதாவது தப்பா இருக்கும்" என்றார். தப்பு கம்ப்யூட்டரில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். இறந்தவனைக் குறை சொல்லக் கூடாதென்று அப்படிச் சொன்னார்.

அன்று இரவு லெட்ஜரைப் புரட்டினேன். மூன்று மாதமும் எல்லோர் சம்பளத்திலும் 12 சதவீதம் பிடித்திருக்கிறது. ஆனால் கட்டவில்லை. தம்பிக்கு உடம்பு முடியாமல் போன நாட்கள் அவை. பணம் மாவு வியாபாரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் பிடித்த பணம் அவன் பணம் இல்லை. அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைச் சட்டம் நம்பிக்கை மோசடி என்றே சொல்கிறது.

இங்கே என் பள்ளிக்கூடக் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. பிரெஞ்சுப் பாடத்தில் சர்க்கரை மூட்டைக் கணக்கு வரும். மூட்டையோடு சேர்ந்த எடை 'ப்ரூத்', சர்க்கரை மட்டும் 'நெத்', வெறும் சாக்கு 'தார்'. சம்பளமும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். முதலாளிக்கு அந்த ப்ரூத்துக்கு மேலேயும் ஒரு எடை உண்டு என்பது அன்று இரவுதான் உறைத்தது.

12,000 சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய் பிடிப்போம். கைக்குப் போவது 10,470. இனி கடை தன் பங்காகத் தர வேண்டியது: பி.எஃப். 12 சதவீதம், இன்னொரு 1,440. இதில் 8.33 சதவீதம் அவருடைய பென்ஷனுக்குப் போகும். காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதம், இரண்டும் சேர்ந்து 120. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 390. ஆக 13,950.

அத்தோடு முடியவில்லை. தம்பி தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கொடுப்பான். அதற்கு மாதம் 1,000 ஒதுக்க வேண்டும். ஐந்து வருடம் வேலை பார்த்தவர் விலகினால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் கிராஜுவிட்டி. மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட்டால் வருடத்துக்கு 6,923, மாதம் 577. மொத்தம் 15,527. தொழிலாளி பார்ப்பது 10,470. முதலாளி தேட வேண்டியது அதைவிட 5,057 கூடுதல்.

பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. என் கிராஜுவிட்டிப் பணத்தில் போட்டிருந்த பிக்சட் டெபாசிட்டை உடைத்தேன். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

பிறகு மூன்று மாற்றம் செய்தோம். ரொட்டி விலையை இந்தப் புதுக் கணக்குப்படி கொஞ்சம் உயர்த்தினோம். வங்கியில் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, சம்பள நாளன்றே பிடித்ததையும் எங்கள் பங்கையும் அதில் போட்டுவிட்டோம். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் அதிலிருந்து சலான் கட்ட வேண்டும். மாவு வியாபாரி வாசலில் வந்து நின்றாலும் அந்தக் கணக்கைத் தொடுவதில்லை.

மூன்றாவது, சம்பளச் சீட்டு. பாரிஸில் இருக்கும் என் அக்கா மகனின் 'ஃபிஷ் த பே'யைப் பார்த்திருக்கிறேன். அதில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டும் எதிரெதிரே இருக்கும். அதே மாதிரி தமிழில் எழுதிக் கொடுத்தேன். அடுப்பு மாஸ்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "எங்க பேர்ல கடையும் இவ்வளவு கட்டுதா?" என்று கேட்டார். 17 வருடமாக அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நண்பர் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். இருபதாவது ஆள் சேர்ந்தால் பி.எஃப். வரும், பத்தாவது ஆளிலேயே இ.எஸ்.ஐ. வந்துவிடும் என்றேன். "அப்ப பத்தொன்பது பேரோட நிறுத்திக்கலாமா சார்?" என்றான். "நிறுத்திக்கொள். ஆனால் இருபதாவது ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதாமல் மட்டும் விடாதே" என்றேன். இவை அப்போது நாங்கள் கட்டிய விகிதங்கள். இன்றைய நிலவரத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும் சொன்னேன்.

மாஸ்டரின் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் எங்கள் கடை ரொட்டியும் இருந்தது. இப்போது கணக்கைத் தம்பி மகள் பார்க்கிறாள். ஆனாலும் மாதாமாதம் 15-ம் தேதி சாயங்காலம் அவளுக்குப் போன் போடுவேன். நான் கேட்பதற்கு முன்பே, "கட்டியாச்சு பெரியப்பா" என்பாள்.