லாச்சிப் பணம் யாருடையது?

மருதமுனை நெசவாளர்களுக்கு நூற்கணக்கு அத்துப்படி. ஒரு பாவில் எத்தனை சாரன் இறங்கும், சாயத்துக்கு எவ்வளவு போகும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஆனால் வருட முடிவில் லாபம் எவ்வளவு என்று கேட்டால் லாச்சியைத்தான் இழுத்துக் காட்டுவார்கள். மீன் வாங்கிய காசும், பிள்ளையின் டியூசன் காசும், கல்யாணவீட்டு அன்பளிப்பும் போனது அதே லாச்சியிலிருந்துதான்.

நான் பாடசாலையில் வணிகக் கல்வியும் கணக்கீடும் படிப்பிக்கிறவன். ‘வியாபாரம் வேறு, உரிமையாளர் வேறு’ என்பது எங்கள் முதற்பாடம். ஆசிரியர் கலாசாலையில் இதற்கு மாதிரிப் பாடமும் நடத்தியிருக்கிறேன். அந்த ஒற்றை வரிக்குள் ஒரு குடும்பத்தின் சோறும் சச்சரவும் அடங்கியிருப்பதைக் காட்டித்தந்தவன் என் பழைய மாணவன் ஒருவன்.

அவனுடைய வாப்பா 2004 சுனாமிக்குப் பிறகு கடன்பட்டு இரண்டு தறி வாங்கி, அதை எட்டாக்கியவர். பிரதேச செயலகத்தில் தன் பெயரில் வியாபாரப் பெயரைப் பதிந்திருந்தார். 2023 இல் மௌத்தானார். தனியாள் வியாபாரத்துக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. ஆள் போனால் அதுவும் போயிற்று. வங்கிக் கணக்கு நின்றது. கொழும்புக் கடையொன்றிலிருந்து வாப்பாவின் பெயருக்கு வந்த காசோலையை மாற்ற முடியவில்லை. மூன்று மாதமாக நெசவுப் பெண்களுக்குக் கூலி கொடுத்தவை உம்மாவின் வளையல்கள்.

“சேர், கம்பனியாப் பதிஞ்சா இந்தக் கரைச்சல் வராதாமே, மெய்யா?” என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

மெய்தான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதியப்படும் கம்பனி, சட்டத்தின் கண்ணில் தனியான ஓர் ஆள். சொத்து வாங்கும், கடன்படும், வழக்காடும். பங்குகாரர் மௌத்தானால் அவருடைய பங்கு வாரிசுகளுக்குப் போகும், கம்பனி இருக்கும். இது நமக்குப் புதிய எண்ணமுமல்ல. பள்ளிவாசல் காணியை எந்த நம்பிக்கையாளரும் தன் காணி என்று சொல்வதில்லை. நிர்வாகம் மாறும், காணி பள்ளியுடையதாகவே இருக்கும்.

கம்பனிப் பதிவாளரிடம் பெயருக்கு அங்கீகாரம் பெற வேண்டும். பதிவுக்கு 1ஆம் படிவம், பணிப்பாளரின் சம்மதத்துக்கு 18, செயலாளரின் சம்மதத்துக்கு 19, அவற்றோடு கம்பனியின் அமைப்பு விதிகள். ஒரே பங்குகாரருடனும் தனியார் கம்பனி தொடங்கலாம். 50 பேருக்கு மேல் கூடாது. பதிவுப் பத்திரம் கையில் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் பதிவாளருக்கு அறிக்கை போக வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கம்பனிக்கென்று வேறாக வரி இலக்கம் எடுக்க வேண்டும்.

அவனையும் அவனுடைய லாத்தாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கொப்பியில் கணக்குப் போட்டேன். வருட லாபம் 24 இலட்சம் என்று வைத்தோம். 2025/2026 மதிப்பாண்டில் தனியாளுக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். எனவே 6 இலட்சத்துக்கு வரி 36,000 ரூபாய். கம்பனிக்கு அந்த விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 வீதம். வரி 7,20,000 ரூபாய்.

அவன் முகம் கறுத்துப்போயிற்று.

“பொறு, இன்னும் முடியல்ல” என்றேன். அவன் கம்பனியில் வேலை செய்கிறவன். மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளம் எடுத்தால் வருடத்துக்கு 18 இலட்சம். அது கம்பனிக்குச் செலவு; அவனுக்கோ வேறு வருமானம் இல்லாததால் விலக்குக்குள் அடங்கிவிடும். மற்றச் செலவுகளை விட்டுப் பார்த்தால் கம்பனிக்கு மிஞ்சும் 6 இலட்சத்துக்கு வரி 1,80,000. எஞ்சியதைப் பங்கிலாபமாகப் பிரித்தால் அதில் 15 வீதம் கழியும். ஆனால் சம்பளம் மெய்யான சம்பளமாக இருக்க வேண்டும். தீர்மானித்து எழுதி, மாதாமாதம் வங்கி வழியே போக வேண்டும். லாச்சிக்குள் கைவிட்டு எடுத்ததையெல்லாம் பிறகு சம்பளம் என்று சொல்ல முடியாது.

“நம்மட காசுதானே சேர்?” என்றான் அவன்.

அதுவரை பேசாதிருந்த லாத்தா கேட்டார்: “நம்மட எண்டா ஆருட தம்பி?”

வாப்பா இருந்த காலத்திலிருந்து இரவிரவாக நூல் கணக்கு எழுதியவர் அவர். தறியிலும் அவருக்கு வாரிசுப் பங்கு இருந்தது. லாச்சியில் மட்டும் அவருடைய பெயர் எங்கும் இல்லை.

இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்லிவைத்தேன். பங்குகாரரின் பொறுப்புப் பங்கின் அளவோடு நிற்கும் என்பது சரி. ஆனால் வங்கிக் கடனுக்குப் பணிப்பாளர் தனிப்படப் பிணை வைத்துக் கையெழுத்திட்டால் அந்த வேலி உடைந்துவிடும். அடுத்தது நெசவுப் பெண்களின் பணம். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். கம்பனியானால்தான் இது என்றில்லை. துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கும் உரியது, வாப்பாவின் காலத்திலும் உரியதாயிருந்தது.

கடைசியில் கம்பனியாகவே பதிந்தார்கள். தனியாளாக இருப்பதைவிட வருடத்துக்கு 1,44,000 ரூபாய் கூடுதல் வரி என்று தெரிந்துகொண்டுதான் பதிந்தார்கள். “மூணு மாசம் அடைபட்டுக் கிடந்தமே, அதவிட இது குறைவுதான்” என்றார் லாத்தா. உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வாரிசுப் பங்கின்படி கம்பனிப் பங்குகள் எழுதப்பட்டன. பணிப்பாளர் இருவரில் ஒருவர் லாத்தா.

இறைவரித் திணைக்களம் கேட்பதும் லாத்தா கேட்டதும் ஒரே கேள்விதான்: இந்தப் பணம் யாருடையது, எவ்வளவு? வரிக்குப் பயந்து கணக்கெழுதாமல் விடுகிறவர்கள் தங்கள் உடன்பிறப்புகளுக்கும் அந்தக் கணக்கை மறைத்துவிடுகிறார்கள். நமது ஊர்களில் வாப்பாமார் மௌத்தான பிறகு கடைகள் மூடப்படுவதும், சகோதரர்கள் முகம் பாராமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

தொழில் செய்யும் வாசகர்கள் எல்லோரும் கம்பனி பதிய வேண்டியதில்லை. சிறிய லாபத்துக்குத் தனியாள் வியாபாரமே இலாபகரமாக இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்கு முன் ஏப்ரல் 1 தொடக்கம் அடுத்த மார்ச் 31 வரை இரண்டு கொப்பி வைத்துப் பாருங்கள். ஒன்று வீட்டுக்கு, மற்றது கடைக்கு.